பெயர் எழுதாத படம்

(பழைய மாணவர் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த ஒன்றுகூடலில் பேச வேண்டும் என்று செயலாளர் தொலைபேசியில் கேட்டபோது, கல்லூரி நினைவுகளைப் பற்றித்தான் பேசச் சொல்வார் என்று நினைத்தேன். அவரோ, "அக்கா, கல்லூரி நினைவு பேச இருபது பேர் இருக்கினம். நீங்கள் உங்கடை அம்மப்பான்ரை படத்தின்ரை கதையைச் சொல்லுங்கோ" என்றார். அந்தக் கதை கடைசியில் இந்தக் கல்லூரிக்குத்தான் வந்து சேருகிறது. அதனால் ஒப்புக்கொண்டேன். நேரம் போனால் மணியை அடியுங்கள். மணி அடித்தால் எழும்பவும் இருக்கவும் இங்கேதான் நான் பழகினேன்.

முதலில் படத்தைச் சொல்லிவிடுகிறேன். கறுப்பு வெள்ளைப் படம். உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரியது. கதிரையில் அம்மப்பா இருக்கிறார். வெள்ளைச் சேட், வெள்ளைக் காற்சட்டை. பக்கத்துக் கதிரையில் அம்மம்மா. மடியில் ஒரு கைக்குழந்தை. அது என் சின்னம்மா. இருவருக்கும் நடுவில் எட்டு வயதில் என் அம்மா, இரட்டைப் பின்னலோடு நிற்கிறார். பின்னால் சீலையில் வரைந்த மாளிகைத் தூண்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. அந்தக் காலத்துப் படங்களில் ஒருவரும் சிரிப்பதில்லைத்தானே என்று நாங்கள் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

எங்கள் அம்மப்பா மலாயாப் பென்சனியர். இந்த மண்டபத்தில் இருக்கும் பலருக்கு அந்தச் சொல்லை விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஊரில் ஆங்கிலம் படித்து, கப்பலேறிப்போய், மலாயா ரெயில்வேயில் இலிகிதராக இருந்து, பென்சனோடு திரும்பி வந்து கல்வீடு கட்டிய ஆயிரம் பேரில் அவரும் ஒருவர். கோலாலம்பூரில் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியில், ரெயில்வே குவாட்டர்சில் குடும்பத்தோடு இருந்தவர். யுத்தம் முடிந்து 1946இல் அம்மம்மாவும் பிள்ளைகளும் ஊருக்கு வந்தார்கள். அந்த வருடம்தான் என் அம்மா இந்தக் கல்லூரியில் சேர்ந்தார். அம்மப்பா 1950இல் வேலையை முடித்துக்கொண்டு வந்தார். 1974இல், எனக்குப் பன்னிரண்டு வயதாக இருக்கும்போது, காலமானார்.

அவரைப் பற்றி எனக்கு நன்றாக நினைவில் நிற்பவை மூன்று.

ஒன்று, தண்ணீர். கொதிக்க வைக்காத தண்ணீரை அவர் வாயில் வைக்கமாட்டார். கோயில் திருவிழாவில் தண்ணீர்ப் பந்தலில் மோர் கொடுத்தாலும் வாங்கமாட்டார். கலியாண வீட்டுக்கும் போத்தலில் ஆறின தண்ணீரோடுதான் போவார். "மலாயாப் பெருமை" என்று சனம் பின்னால் சிரிக்கும்.

இரண்டு, அவர் கேட்கும் கேள்விகள். வேலி அடைக்க வருபவர், தேங்காய் பிடுங்க வருபவர், கலியாண வீட்டில் பெற்றோல்மாக்ஸ் தூக்கிக்கொண்டு நிற்கும் பொடியன், யாராக இருந்தாலும் மூன்று கேள்வி. "பேர் என்ன? தேப்பன்ரை பேர் என்ன? எந்த ஊர்?" அதே வரிசையில். அதனால் அவருக்கு ஊரில் "விதானையார்" என்று ஒரு பட்டம் இருந்தது.

மூன்று, படங்கள். எங்கள் வீட்டு அல்பங்களில் இருந்த ஒவ்வொரு படத்தின் பின்னாலும் பென்சிலால், சின்னச் சின்ன எழுத்தில், இடமிருந்து வலமாக எல்லோருடைய பெயரும் இருக்கும். எல்லோருடையதும் என்றால் எல்லோருடையதும்தான். கலியாணப் படத்தின் ஓரத்தில் தற்செயலாக அகப்பட்ட சமையல்காரர், அவருடைய ஊர், பறை மேளக்காரர், அவருடைய மகன் என்று ஒருவரையும் விடமாட்டார். "உந்தாளின்ரை பேரை ஏன் எழுதுறியள்?" என்று அம்மம்மா கேட்பா. "படத்திலை நிக்கிறார்தானே" என்பார். அவ்வளவுதான் விளக்கம்.

முன்னறையில் சட்டம் போட்டுத் தொங்கிய அந்தக் குடும்பப் படத்துக்குப் பின்னால் மட்டும் பெயர் இல்லை. அதை அப்போது ஒருவரும் கவனிக்கவில்லை. சட்டத்துக்குள் இருக்கும் படத்தின் முதுகை யார் பார்க்கிறார்கள்?

யுத்த காலத்தில் அவருக்கு என்ன நடந்தது என்பதற்கு எங்கள் வீட்டில் ஒரே ஒரு வசனம்தான் இருந்தது. "யப்பான்காரன் பிடிச்சுக்கொண்டு போய்ச் சீயத்திலை வைச்சிருந்தவன்." அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அவர் இருக்கும் அறையில் அந்தப் பேச்சே எழாது. நானும் அதையே என் பிள்ளைகளுக்குச் சொன்னேன். லண்டனில் என் மகன் படித்த பள்ளியில் நவம்பர் மாதம் யுத்தத்தில் இறந்தவர்களை நினைவுகூரும் நாளுக்கு, தங்கள் குடும்பத்தில் யுத்தத்தைக் கண்டவர்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். "எங்கடை பூட்டன் யுத்தக் கைதி" என்று அவன் பேசிப் பரிசும் வாங்கி வந்தான். நான் பெருமைப்பட்டேன். அந்தப் பெருமையைப் பின்னால் நான் திருத்த வேண்டி வந்தது. அதைத்தான் இன்று சொல்ல வந்தேன்.

1995 ஒக்டோபர் கடைசியில் வலிகாமத்திலிருந்து சனம் எல்லாம் ஒரே இரவில் எழும்பிப்போனதை நீங்கள் அறிவீர்கள். பலர் அந்த வீதியில் நடந்தவர்கள். என் அம்மா ஒரு பையோடு போனார். பைக்குள் காணி உறுதிகள், பிறப்புச் சான்றிதழ்கள், இரண்டு சேலை. வாசல்படி இறங்கியவர் திரும்பிப் போய், முன்னறைப் படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றிச் சேலைக்குள் சுருட்டி வைத்தாராம். அடுத்த வருடம் திரும்பி வந்தபோது அலுமாரியும் இல்லை, அல்பங்களும் இல்லை. அம்மப்பா பெயர் எழுதி வைத்த படங்கள் எல்லாம் போய்விட்டன. பெயர் எழுதாத அந்த ஒன்றுதான் எஞ்சியது.

2004இல் அம்மா லண்டனுக்கு என்னிடம் வந்திருந்தபோது அந்தப் படத்தை ஸ்கான் செய்ய எடுத்தேன். அன்றுதான் முதல் முறையாக அதைத் திருப்பிப் பார்த்தேன். பின்னால் ஊதா மையில் ஒரு றப்பர் முத்திரை. கடையின் பெயர் அழிந்துவிட்டது. கீழே ஓர் எண் மட்டும் தெளிவாக இருந்தது. 2603. அதன் பக்கத்தில் ஒரு புள்ளி, பிறகு 6.

படக்கடைக்காரரின் நெகட்டிவ் நம்பர் என்று நினைத்தேன். அப்படியானால் பழைய கடைகளைத் தேடிப் பார்க்கலாமே என்று, மூன்று வாரம் கம்பியூட்டரோடு மல்லுக்கட்டினேன். கோலாலம்பூரில் இருக்கும் உறவினருக்கெல்லாம் எழுதினேன். அம்மா அடுத்த அறையில்தான் இருந்தார். ஒரு பின்னேரம் தேத்தண்ணியோடு வந்து, "என்ன பிள்ளை தேடுறாய்?" என்று கேட்டார். காட்டினேன்.

"உது நம்பர் இல்லை. வருசம்" என்றார்.

"2603ஆம் வருசமோ?"

"ஓம். நாங்கள் யப்பான் பள்ளிக்கூடத்திலை கொப்பியிலை அப்பிடித்தான் எழுதினது. ஆறு எண்டால் யூன்."

யப்பானியர் தங்கள் முதற் சக்கரவர்த்தி அரசேறியதாக நம்பும் ஆண்டிலிருந்து ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். அது நம் ஆங்கில ஆண்டைவிட 660 கூட. மலாயாவைப் பிடித்தவுடன் கடிதம், பத்திரிகை எல்லாவற்றிலும் அந்த ஆண்டைப் புகுத்தினார்கள். மணிக்கூட்டையும் தோக்கியோ நேரத்துக்கு மாற்றினார்கள். 2603 என்றால் 1943. எட்டு வயதில் அம்மா அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு காலையும் தோக்கியோ இருக்கும் திசையைப் பார்த்துக் குனிந்து வணங்கி, அவர்களுடைய தேசியகீதத்தைப் பாடியிருக்கிறார். அறுபத்தொன்பது வயதில், என் குசினியில் நின்று, "இச்சி, நி, சான்" என்று பத்து வரை எண்ணிக் காட்டினார்.

"இதெல்லாம் ஏனம்மா இவ்வளவு காலமும் சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"ஆர் கேட்டனீங்கள்?" என்றார்.

அக்காமாரே, தங்கைமாரே, அந்த இரண்டு சொல்லுக்கு என்னிடம் இன்றைக்கும் பதில் இல்லை.

அன்று பின்னேரம் முழுக்க அம்மா சொல்லிக்கொண்டிருந்தார். 1941 டிசம்பர் 8இல் யப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. 1942 சனவரி 11இல் கோலாலம்பூர் விழுந்தது. பெப்ரவரி 15இல் சிங்கப்பூரும் சரணடைந்தது. எழுபது நாளில் எல்லாம் முடிந்தது. ரெயில் ஓடத்தானே வேண்டும் என்று அம்மப்பாவைப் போன்ற ஊழியர்களைத் திரும்ப வேலைக்கு எடுத்தார்கள். சம்பளம், வாழைமரம் அச்சடித்த யப்பான் நோட்டில். அரிசி பங்கீடு. மற்றபடி மரவள்ளிக்கிழங்குதான். காலையும் கிழங்கு, மாலையும் கிழங்கு.

1943 யூன் மாதம் அம்மப்பாவுக்குச் சீயத்துக்குப் போகச் சொல்லிக் கட்டளை வந்தது. தொழிலாளர்களோடு ரெயிலேறிப் போய் அவர்களுடைய பதிவைப் பார்க்க வேண்டும். மூன்று மாதம் என்றார்கள். மறுக்க முடியாது. மறுத்தவர்களைக் கூப்பிடும் இடம் எது என்று எல்லோருக்கும் தெரியும்.

போவதற்கு இரண்டு நாள் முன்னர்தான் பத்து றோட்டில் ஒரு சீனர் கடைக்கு நாலு பேரும் நடந்துபோய் அந்தப் படத்தை எடுத்திருக்கிறார்கள். அரிசிக்குக் காசில்லாத நேரத்தில் எதற்குப் படம் என்று அம்மாவுக்கு அப்போது விளங்கவில்லையாம். புதுச் சட்டை போட்டதில்தான் சந்தோசம்.

"அம்மம்மான்ரை கழுத்தைப் பார்" என்றார்.

ஸ்கான் செய்த படத்தைப் பெருப்பித்துப் பார்த்தேன். சேலைத் தலைப்பைத் தோளைச் சுற்றி இழுத்துப் போர்த்தியிருக்கிறா. அதன் விளிம்பில் ஒரு கயிறு மட்டும் தெரிகிறது. தாலிக்கொடி இல்லை. அந்தக் கிழமைதான் விற்றாவாம். விற்ற காசில் கள்ளச்சந்தையில் கொயினாக் குளிசை வாங்கி, அம்மப்பாவின் இரண்டு சேட்டுகளின் மடிப்புக்குள்ளும் ஒவ்வொன்றாக வைத்துத் தைத்தாவாம். இரவிரவாக விளக்கடியில் இருந்து தைத்ததை அம்மா பாயில் படுத்தபடி பார்த்திருக்கிறார்.

எங்கள் முன்னறையில் ஐம்பது வருடம் தொங்கியது ஒரு குடும்பப் படம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அது ஒரு பிரியாவிடைப் படம். திரும்பி வராவிட்டால் பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு முகம் வேண்டும் என்று எடுத்தது.

மூன்று மாதம் இரண்டரை வருடமானது. கடிதம் இல்லை, காசு இல்லை. அம்மம்மா குவாட்டர்ஸ் வளவெல்லாம் மரவள்ளி நட்டு, தோசை சுட்டு விற்றுப் பிள்ளைகளைக் காப்பாற்றினா. ஒவ்வொரு இரவும் கைக்குழந்தையைத் தூக்கிப் படத்துக்கு முன்னால் பிடித்து, "அப்பாவைக் கும்பிடு" என்று சொல்லுவாவாம். 1945 ஓகஸ்டில் யப்பான் சரணடைந்தது. மற்றவர்களுடைய ஆட்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். டிசம்பரில் ஒரு நாள் அம்மப்பா வந்து வாசலில் நின்றார். அம்மா ஓடிப்போய்க் கட்டிக்கொண்டார். மூன்று வயதுச் சின்னம்மா கதவுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு, "இது அப்பா இல்லை. அப்பா படத்துக்குள்ளை இருக்கிறார்" என்று அழுதாவாம். அவ அவரிடம் போக ஒரு மாதம் சென்றதாம்.

இவ்வளவும் அம்மாவுக்குத் தெரியும். சீயத்தில் அவர் என்ன செய்தார் என்பது அம்மாவுக்கும் தெரியாது. ஒரேயொரு சம்பவம் சொன்னார். அம்மா கலியாணம் செய்த புதிதில், என் அப்பா தன் மாமனாரை மகிழ்விக்கலாம் என்று யாழ்ப்பாணத்தில் ஓர் ஆங்கிலப் படத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். குவாய் ஆற்றுப் பாலம். 1957இல் வந்த படம். சீயத்து ரெயில்பாதையைப் பற்றிய அந்தக் கதையை எங்கள் நாட்டில்தான், கித்துல்கலையில் களனி கங்கைக் கரையில், படம் பிடித்தார்கள். மாமா இருந்த இடத்தைப் பற்றிய படமாயிற்றே என்று அப்பா நினைத்திருக்கிறார். அரைவாசியில் அம்மப்பா எழும்பி வெளியே வந்துவிட்டார். பின்னால் ஓடிவந்த அப்பாவிடம், "உதிலை எங்கடை சனம் ஒருத்தரும் இல்லை" என்றாராம். வேறொன்றும் சொல்லவில்லை.

எங்கடை சனம் என்றால் யாழ்ப்பாணத்து ஆட்கள் என்றுதான் அப்பாவும் நினைத்தார், அம்மாவும் நினைத்தார், நானும் நினைத்தேன்.

2009இல் கோலாலம்பூருக்குப் போனேன். செந்தூலில் எண்பது கடந்த ஓர் அம்மாவைச் சந்திக்கும்படி உறவினர் ஒருவர் ஒழுங்கு செய்தார். அவருடைய தகப்பனார் ஆஸ்பத்திரி டிரெசர். அம்மப்பாவோடு ஒரே ரெயிலில் போனவர். தகப்பனார் தன் பிள்ளைகளுக்குக் கதை சொல்லுகிறவராம். நான் படத்தைக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டு நீண்டநேரம் பார்த்தார்.

"ஓ, பேர் எழுதினவர்" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. அவர் சொன்னதை அப்படியே உங்களுக்குச் சொல்லுகிறேன்.

போன ரெயிலில் இருந்தவர்கள் பெரும்பாலும் றப்பர் தோட்டத்துத் தமிழ்ச் சனம். நாளுக்கு ஒரு வெள்ளி, மூன்று மாதம், சாப்பாடு இலவசம் என்று சொல்லி ஏற்றியவர்கள். பிடித்து ஏற்றியவர்களும் உண்டு. சாமான் வண்டிக்குள் நின்றும் இருந்தும் பான் போங் வரை பல நாள் பயணம். பிறகு காட்டுக்குள் நடை. முகாமில் அம்மப்பாவின் வேலை, ஒவ்வொரு காலையும் எத்தனை பேர் வேலைக்கு வருகிறார்கள் என்று எழுதி யப்பானிய அதிகாரியிடம் கொடுப்பது. தொடக்கத்தில் அவர் ஒரு பள்ளிக்கூடக் கொப்பியில் மூன்று கோடு போட்டு எழுதினாராம். பேர், தகப்பன் பேர், எந்தத் தோட்டம்.

அந்த அம்மா சாதாரணமாகச் சொல்லிக்கொண்டு போனார். எனக்கு அந்த இடத்தில் கேட்கும் சக்தி போய்விட்டது. என் காதில் அம்மப்பாவின் குரல்தான் கேட்டது. பேர் என்ன? தேப்பன்ரை பேர் என்ன? எந்த ஊர்?

மழை பிடித்தது. வாந்திபேதி வந்தது. 1943இன் அந்த மழைக்காலத்தில் பாதை நெடுக முகாம் முகாமாகக் கொலரா பரவியது. வெள்ளைக்காரச் சிறைப் படையினரிடையே அவர்களுடைய டொக்டர்மார் இருந்தார்கள். தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும் என்று கட்டுப்படுத்த அதிகாரிகள் இருந்தார்கள். தோட்டத்துச் சனத்துக்கு அப்படி ஒருவரும் இல்லை. ஒரு டிரெசரும் ஒரு இலிகிதரும் என்ன செய்வது? சனம் ஆற்றுத் தண்ணீரைக் குடித்தது. காலையில் இருந்தவர் மாலையில் இல்லை. "பேர் வேண்டாம். எண்ணிக்கையை மட்டும் கொடு" என்றானாம் அதிகாரி. அம்மப்பா எண்ணிக்கையைக் கொடுத்துவிட்டு, பேரைத் தன் கொப்பியில் எழுதிக்கொண்டே வந்தாராம். நோய் பரவாமல் இருக்கக் கொட்டில்களுக்கு நெருப்பு வைத்தபோது, கொட்டிலோடு அந்தக் கொப்பியும் எரிந்துபோனது.

"அதுக்குப் பிறகு உங்கடை அம்மப்பா ஒரு கிழமை ஒருத்தரோடையும் கதைக்கேல்லை எண்டு அப்பா சொல்லுவார்" என்றார் அந்த அம்மா.

அங்கிருந்து தாய்லாந்துக்குப் போனேன். அந்த ரெயில்பாதை 415 கிலோமீற்றர். சீயத்தையும் பர்மாவையும் இணைப்பது. 1942 நடுப்பகுதியில் தொடங்கி 1943 ஒக்டோபரில் முடித்தார்கள். இன்று காஞ்சனபுரியில் ஏறினால் நாம் தொக் வரையில்தான் ரெயில் ஓடுகிறது. ஓரிடத்தில் மலைச்சரிவை ஒட்டி மரக்கால்கள்மேல் பாதை போகிறது. ரெயில் ஊர்ந்து ஊர்ந்து போகும். உல்லாசப் பயணிகள் சன்னலால் தலையை நீட்டிப் படம் எடுப்பார்கள். கீழே ஆறு. நான் படம் எடுக்கவில்லை. அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

காஞ்சனபுரி நகரத்தின் நடுவில் யுத்தக் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. ஏறத்தாழ 7,000 பேர். ஒவ்வொரு கல்லிலும் பெயர், படைப்பிரிவு, இறந்த நாள். சுற்றிவரப் பூச்செடி, வெட்டிவிட்ட புல். பக்கத்திலேயே ஒரு நூதனசாலை. அம்மப்பாவின் பெயரைக் கொடுத்துக் கேட்டேன். அங்கே இருப்பவை படையினரின் பட்டியல்கள். 60,000க்கு மேற்பட்ட சிறைப் படையினர் அந்தப் பாதையில் வேலை செய்தார்கள். 12,000க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களுடைய படைகளிடம் பெயர்ப்பட்டியல் இருந்தபடியால் அவர்களைத் தேடிக் கல் நாட்ட முடிந்தது. ஆசியத் தொழிலாளர்களோ ஏறத்தாழ 2 இலட்சம் பேர். மலாயாத் தமிழர், மலாயர், பர்மியர், யாவாக்காரர், சீனர். இறந்தவர்களின் தொகை மதிப்பீட்டுக்கு மதிப்பீடு வேறுபடும். 90,000 அளவில் என்று பலர் சொல்கிறார்கள். அவர்களுக்குக் கல் இல்லை. நகரத்தில் ஒரு விகாரை வளவில், தோண்டி எடுத்த எலும்புகளைச் சேர்த்து வைத்த ஒரு தூபி இருக்கிறது. அதன் முன்னால் கற்பூரம் கொளுத்தினேன்.

அங்கே நிற்கும்போதுதான் "எங்கடை சனம்" என்று அம்மப்பா சொன்னது யாரை என்று எனக்கு விளங்கியது.

நாங்கள் மனச்சாட்சியோடு பேசுவோம். மலாயாவில் எங்கள் ஆட்கள் கந்தோரில் இருந்தவர்கள். தோட்டத்துச் சனத்தோடு கலந்து இருந்தவர்கள் அல்லர். கோயிலும் வேறு, குடியிருப்பும் வேறு. "தோட்டத்துச் சனம்" என்று எங்கள் வீடுகளில் எந்தக் குரலில் சொல்வார்கள் என்பதை நானும் கேட்டே வளர்ந்தேன். காட்டில்கூட அம்மப்பாவுக்கு இலிகிதருக்குரிய கொட்டில் இருந்தது. மடிப்புக்குள் கொயினா இருந்தது. அதனால்தான் அவர் வந்தார், அவர்கள் வரவில்லை. எண்ணிக்கையைக் குறைத்துக் கொடுத்தால் அடி, கூட்டிக் கொடுத்தால் காய்ச்சல்காரனும் மண் சுமக்க வேண்டும். அந்தப் பென்சிலைப் பிடித்திருந்தவர் என் அம்மப்பா. அவர் அந்த இரண்டரை வருடத்தைப் பற்றி ஏன் வாய் திறக்கவில்லை என்பதற்கு இதைவிட வேறு காரணம் தேட எனக்கு மனம் வரவில்லை.

லண்டனுக்கு வந்து மகனைக் கூப்பிட்டேன். அப்போது அவன் பல்கலைக்கழகத்தில். "தம்பி, நான் உனக்குச் சொன்னது பிழை. பூட்டன் யுத்தக் கைதி இல்லை. அவர் பட்டியலிலை இல்லாத ஆட்களோடை இருந்தவர். அவையின்ரை பேரை எழுதினவர். அந்தப் பேரும் எரிஞ்சு போச்சு" என்றேன். அவன் யோசித்துவிட்டு, "இதுதான் அம்மா பரிசுக்குரிய கதை" என்றான்.

குடும்பப் படத்தின் பின்னால் அவர் ஏன் பெயர் எழுதவில்லை என்று அம்மாவைக் கேட்டேன். அம்மா சொன்னது: "தன்ரை வீட்டுக்காரரின்ரை முகம் தனக்கு மறக்காது எண்டு நினைச்சிருப்பார். மறந்துபோற ஆக்களுக்குத்தானே பேர் எழுதவேணும்." அம்மா 2015இல் போய்விட்டார். போகமுதல், அந்தப் படத்தின் பின்னால் அவரைக்கொண்டே நாலு பெயரையும் எழுதுவித்தேன். ஊதா முத்திரைக்குக் கீழே, பென்சிலால், இடமிருந்து வலமாக. பேரப்பிள்ளைகளுக்கு அந்த நால்வரும் இனி வெறும் முகங்களாக இருக்கமாட்டார்கள்.

இனிக் கல்லூரிக்கு வருகிறேன்.

நூற்றாண்டு மலருக்காகப் பழைய குழுப்படங்களைச் சேர்க்கிறார்கள். எனக்கும் சில வந்தன. எங்கள் காலத்து விடுதிப் படம் ஒன்று. முன் வரிசையில் அதிபர், விடுதிப் பொறுப்பாசிரியை, மாணவத் தலைவியர். பின்னால் நாங்கள். கீழே அழகாக அச்சில் "இடமிருந்து வலம்" என்று எல்லோருடைய பெயரும். ஆனால் பெயர்கள் முடிந்த பிறகும் படத்தில் ஓர் ஆள் மிஞ்சுகிறார். வலது ஓரத்தில், தூணோடு ஒட்டினாற்போல், கையைச் சேலையில் துடைத்தபடி ஒருவர். விடிய நாலு மணிக்கு எழும்பி எங்கள் எண்பது பேருக்கும் புட்டு அவித்த ஆச்சி.

ஏழு வருடம் அவவின் கையால் சாப்பிட்டேன். "ஆச்சி" என்பதற்கு மேல் அவவின் பெயர் எனக்குத் தெரியாது. அம்மப்பாவின் பேத்தி நான்!

எங்கள் வகுப்பு வட்ஸ்அப்பில் படத்தைப் போட்டுக் கேட்டேன். முதல் நாள் புட்டைப் பற்றித்தான் எல்லோரும் எழுதினார்கள். இரண்டாம் நாள் ரொறன்ரோவில் இருந்து ஒருத்தி, ஆச்சிக்கு ஒரு மகள் இருந்தா என்றாள். மூன்றாம் நாள் சாவகச்சேரியில் இருந்து ஒருத்தி அந்த மகளைத் தேடிப்போய்க் கேட்டு எழுதினாள். பேர், தகப்பன் பேர், ஊர். மூன்றும் வந்தன. மலரில் அந்தப் படத்தின் கீழே ஆச்சியின் பெயரும் வருகிறது. ஆசிரியர் குழுவுக்கு நன்றி.

உங்களிடம் நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. வீட்டுக்குப் போய், இருக்கிற படங்களைச் சட்டத்திலிருந்து எடுத்து ஒருக்கால் திருப்பிப் பாருங்கள். பின்னால் பெயர் எழுதுங்கள். பேனையால் எழுதவேண்டாம், மை ஊறிவிடும். மெல்லிய பென்சில் போதும். போனில் இருக்கும் படங்களுக்கும் எழுதி வையுங்கள். ஓரத்தில் நிற்பவரின் பெயர் தெரியாவிட்டால், தெரிந்த ஒருவர் உயிரோடு இருக்கும்போதே கேளுங்கள். நூறு வருடத்தில் இந்தக் கல்லூரியின் கூட்டத்தில், தோட்டத்தில், வாசலில், குசினியில் எத்தனை பேர் நின்றிருப்பார்கள். அவர்களுடைய பெயர் எந்த இடாப்பிலும் இல்லை. அடுத்த நூற்றாண்டு மலரைப் போடுகிற பிள்ளைகள் அவர்களை யாரென்று கேட்பார்கள். அப்போது நாங்கள் யாரும் இருக்கமாட்டோம்.

பக்கத்து அறையில் இருப்பவரைக் கேட்காமல் மூன்று வாரம் உலகமெல்லாம் தேடினவள் சொல்கிறேன். இன்றைக்கே கேளுங்கள்.